பூட்டிக் கிடக்கும் வளவும் மூன்று அரசுத் தளங்களும்: செட்டிநாட்டு வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு மதிப்பீடு

காரைக்குடி வட்டாரத்தில் ஆள் இல்லாத ஒரு பெரிய வீட்டை என்ன செய்வது என்று பங்காளிகள் கூடிப் பேசினால் நான்கைந்து யோசனைகள் வரும். மொத்தமாக விற்கலாம். அவரவர் பங்கை மட்டும் விற்கலாம். வாடகைக்கோ ஒத்திக்கோ விடலாம். விடுதி நடத்துபவருக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுக்கலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் பிரித்துத் தூணாகவும் கதவாகவும் விற்றுவிடலாம். எந்த வழியானாலும் முதலில் கேட்கப்படுவது காகிதம். அந்தக் காகிதத்துக்காக அரசு மூன்று இணையச் சேவைகளை வைத்திருக்கிறது: பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட், வருவாய்த் துறையின் பட்டா தளம், வாடகை ஒப்பந்தப் பதிவுத் தளம். பல பங்குகள் கொண்ட செட்டிநாட்டு வீட்டுக்கு இவை எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன என்பதே இங்கே பேச்சு.

மூன்றுக்கும் பொதுவான குறையை முதலிலேயே சொல்லிவிடலாம். இவை மனையைப் பார்க்கின்றன, பங்கைப் பார்ப்பதில்லை. புல எண்ணைக் கொடுத்தால் புல எண்ணுக்கு உரியதைச் சொல்லும். ஆனால் நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு கட்டப்பட்ட முறை வேறு. முகப்பு, வளவு (திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), பட்டாலை (கூடம்), இரண்டாங்கட்டு, கிணற்றடி எல்லாம் பொது. வளவைச் சுற்றி மகன்களுக்கு ஆளுக்கோர் இரட்டை வீடு (முன்னறையும் உள்ளறையும்). மூன்று தலைமுறை கழிந்தால் ஓர் இரட்டை வீட்டுக்கே ஆறு பேர் உரிமைக்காரர்கள். அவர்களில் இருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் இருக்கும் இடமே தெரியாது. இந்தக் கணக்கு எந்தத் தளத்திலும் இல்லை. அதை நாமே போட்டு வைத்துக்கொண்டு பிறகு தளத்தைத் திறப்பதுதான் முறை.

பதிவுத் துறைத் தளம்: வில்லங்கம் பார்க்க நல்லது, முழுவதும் நம்ப அல்ல

மூன்றில் நன்றாக வேலை செய்வது இதுதான். மின்னணு சேவைகளில் வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல்) என்ற பகுதிக்குப் போய் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண், தேடும் காலம் ஆகியவற்றைக் கொடுத்தால், பெரும்பாலும் 1975 முதலான பதிவுகளைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். ஆவண எண், பதிவான நாள், எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சொத்து விவரம் எல்லாம் வரும். வங்கிக்கோ வாங்குபவருக்கோ காட்ட வேண்டுமானால் பணம் கட்டிச் சான்றிட்ட நகல் எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். முதலாவது, புல எண். காரைக்குடி, தேவகோட்டை போன்ற நகரங்களில் நகர நில அளவைக்குப் பிறகு வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று புது அடையாளம் வந்துவிட்டது. பழைய பத்திரங்கள் பழைய புல எண்ணில் இருக்கும், புதியவை நகரப் புல எண்ணில் இருக்கும். ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்து ‘வில்லங்கம் இல்லை’ என்று முடிவு கட்டிய பிறகு, மற்றதில் ஓர் அடமானம் கிளம்புவதுண்டு. இரண்டு எண்ணிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். கிராமங்களில் இன்னும் பழைய பத்திரங்களில் எண்ணே இருக்காது. ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, வடக்குத் தெருவுக்குத் தெற்கு’ என்று நான்கு எல்லை மட்டும் எழுதியிருப்பார்கள். புல எண் தேடலில் அது சிக்காது. ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்தால் ஆவண வாரியான தேடலில் பார்க்கலாம். தெரியாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் வாரியான அட்டவணையில் தேட மனுப் போட வேண்டும். வீட்டைக் கட்டியவர், அவர் மகன்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் தேடுவது நல்லது. முன்னெழுத்துகளைச் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுங்கள். ‘ராம.’, ‘இராம.’ என்கிற வேறுபாடு கூடப் பதிவைத் தவறவிடும்.

இதோடு சேர்ந்ததே ஊரின் பழைய எல்லையும். கோனாபட்டு, கடியாபட்டி, இராயவரம், அரிமளம் பக்கத்து ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இராமநாதபுரம் ஜில்லா. சிவகங்கை தனி மாவட்டமானதே 1985இல். பத்திரத்தின் முகப்பில் எந்த ஜில்லா, எந்தச் சார்பதிவகம் என்று போட்டிருக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, இப்போது அந்த ஊர் எந்த அலுவலகத்தில் சேர்ந்தது, இடையில் மாறியதா என்று கேட்டுவிடுங்கள். எல்லை மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் வில்லங்கம் போட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெரிது. வில்லங்கச் சான்று பதிவான ஆவணத்தை மட்டுமே காட்டும். நம் பக்கம் எத்தனையோ வீடுகள் வாய்வழிப் பாகப்பிரிவினையிலும், பதிவு செய்யாத கூர்ச்சீட்டிலும் (பங்கு பிரித்து எழுதிக்கொண்ட சீட்டு), உயிலிலும் நடந்துகொண்டிருக்கின்றன. அவை எதுவும் அதில் வராது. வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு உரிமையில் குழப்பம் இல்லை என்று பொருள் கிடையாது. தொண்ணூறு ஆண்டுகளாக ஒரு பதிவும் இல்லாத வீடு என்றால் எச்சரிக்கைதான் கூட வேண்டும்.

வழிகாட்டி மதிப்பையும் (பதிவுக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) இதே தளத்தில் தெரு வாரியாகவும் புல எண் வாரியாகவும் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், இரண்டையும் பாருங்கள். அது மனைக்கு உரிய மதிப்பு. கட்டடத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. பர்மாத் தேக்குக்கும் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சுக்கும் அதில் ஒரு பத்தியும் இல்லை.

பட்டா தளம்: எடுப்பது எளிது, பொருள் கொள்வது கடினம்

கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைக் கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் அடிப்படை விவரப் பதிவேடு), புலப்படம், நகரமானால் நகர நில அளவைப் பதிவேடு எல்லாம் கிடைக்கின்றன. ஊர்களில் பெரும்பாலான வீடுகள் நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) இருப்பதால் நத்தம் பட்டாவைத் தேட வேண்டும். விளைநிலங்களுக்கான ரயத்துவாரிப் பட்டாவில் தேடிவிட்டு ‘எங்கள் வீட்டுக்குப் பட்டாவே இல்லை’ என்று பதற வேண்டாம்.

பட்டாவில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருக்கும். அல்லது நில அளவை நடந்தபோது ஊரில் இருந்த ஒரே ஒரு பங்காளி பெயரில் மட்டும் இருக்கும். பின்னது ஆபத்து. பட்டா வருவாய்த் துறையின் பதிவே தவிர உரிமைப் பத்திரம் ஆகாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் அந்த ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கி முழு வீட்டையும் கிரயம் முடிக்கும் வேலை நடக்கத்தான் செய்கிறது. வெளியூரில் இருக்கும் பங்குக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது. பட்டா ஒருவர் பெயரில் இருந்தால் மற்றவர்கள் வாரிசுச் சான்றுகளோடு கூட்டுப் பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்யலாம்.

தளம் தராதது: பங்குக் கணக்கு

வீட்டைக் கட்டியவரில் தொடங்கி ஒரு வம்சாவளி எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இறந்த தேதி, மனைவி, மகன், மகள் எல்லாம் வேண்டும். மகள்களை விட்டுவிட்டு எழுதும் பழக்கம்தான் பல கிரயங்களைப் பிற்காலத்தில் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்கு முன் மணமாகாத மகள்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மாநிலத் திருத்தத்தின்படியே பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. 2005 மத்தியத் திருத்தமும், தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்ற 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை விரிவாக்கின. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். பதிவாகாத கூர்ச்சீட்டை வைத்துக்கொண்டு ஆச்சிமார்களின் (வீட்டுப் பெண்களின்) கையெழுத்தைத் தவிர்க்கப் பார்ப்பது பின்னால் வழக்கைத்தான் கொண்டுவரும்.

சுவீகாரத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். பிள்ளை கூட்டுவது (தத்தெடுப்பது) நம்மிடையே வழக்கம் என்பதால் வம்சாவளியில் ஒரு கிளை இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கும். 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி, சுவீகாரம் போனவருக்குப் பிறந்த வீட்டில் புதிதாக உரிமை வராது; போவதற்கு முன்பே அவருக்குச் சேர்ந்துவிட்ட சொத்து மட்டும் அவரிடமே இருக்கும். தேதிதான் முடிவு செய்யும். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் உங்களுக்கு உரிய கோயிலின் திருமண, புள்ளிக் (குடும்பக்) கணக்குகள் யார், எப்போது, எந்த வீட்டுப் பிள்ளை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவும். பதிவாளருக்கு அது போதாது. வாரிசுச் சான்றோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும்.

கணக்கு முடிந்த பிறகுதான் விற்பதா விடுவதா என்ற கேள்விக்கே பொருள் வரும். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), செட்டில்மென்ட் ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு ரூ.40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு ரூ.10,000. 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள் இவை. வெளியாருக்குக் கிரயம் என்றால் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஒரு பங்காளியே மற்றவர்களிடமிருந்து விடுதலைப் பத்திரம் வாங்கிச் சேர்த்துக்கொண்டு பிறகு முழு வீட்டையும் விற்பது, ஆறு பேர் ஆளுக்கொரு கிரயம் எழுதிக் கொடுப்பதைவிட எளிது. ஆனால் இந்தச் சலுகைக்குக் ‘குடும்பம்’ என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரையறை உண்டு. பெரியப்பா மகன், பேரன் என்று உறவு தள்ளிப் போகும்போது அது பொருந்துமா என்பதை வரைவு எழுதும் முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

தன் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் குடும்பம் சேர்ந்து வாழும் வீட்டில் பிரிக்கப்படாத பங்கை வாங்கிய வெளியாள், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, கூட்டு அனுபவம் கேட்டு உள்ளே வர முடியாது. பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் அந்தப் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை மற்றப் பங்காளிகளுக்குக் கொடுக்கிறது. அதனால்தான் தனிப் பங்குக்கு நல்ல விலை கிடைப்பதில்லை, வங்கிக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை. முதலில் பங்காளிகளிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாடகைப் பதிவுத் தளம்: பயன்படுத்த வேண்டியது, பலர் பயன்படுத்தாதது

2019 பிப்ரவரி 22 முதல் பழைய 1960 வாடகைச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இது நகர்ப்புறங்களுக்கு உரியது. 2024இல் மாநகராட்சியான காரைக்குடிக்குப் பொருந்தும், தேவகோட்டைக்குப் பொருந்தும், பேரூராட்சியான கானாடுகாத்தானுக்கும் பொருந்தும். ஊராட்சியாக இருக்கும் ஊர்களுக்குப் பொருந்தாது. அங்கே சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் என்ற பழைய வழிதான்.

இந்தச் சட்டத்தில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது தனி. அது பதினொரு மாதத்துக்கும் வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கும் நாளில்தான் இது தெரிய வரும். வீட்டுக்காரர், குடியிருப்பவர் விவரம், அடையாள ஆவணங்கள், ஒப்பந்த நகல் ஆகியவற்றைத் தளத்தில் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். அதை ஒப்பந்தத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும்.

பங்கு வீட்டில் இந்தத் தளம் தடுமாறும் இடம் சொத்து விவரம். கதவு எண் ஒன்று, வாடகைக்கு விடுவதோ அதில் ஓர் இரட்டை வீடு. அதனால் ஒப்பந்தத்திலேயே விரிவாக எழுதி, கையால் வரைந்த ஒரு வரைபடத்தையும் இணைக்க வேண்டும். எந்த அறைகள், முகப்பு வழியாகப் போகும் உரிமை உண்டா, பின்கட்டு வாசல் மட்டுமா, கிணறு, கழிப்பறை, வளவில் துணி காயப்போடலாமா, திருமணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) போன்ற நாட்களில் பங்காளிகள் வந்தால் வளவையும் பட்டாலையையும் எத்தனை நாள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது வரை எழுதுங்கள். பொது இடத்தை ஒரு பங்குக்காரர் தன் விருப்பப்படி வாடகைக்கு விட முடியாது. மற்றவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். மின் இணைப்பு ஒன்றாக இருந்தால் துணை மீட்டர் வைத்து, யூனிட் கணக்கை யார் எழுதுவது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அச்சடித்த ஒப்பந்தப் படிவம் எதுவும் கேட்காத, ஆனால் இந்த வீடுகளைக் காப்பாற்றும் வாசகங்கள் சில உண்டு. சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கக் கூடாது, சிமென்ட் வைத்து ஒட்டுப் போடக் கூடாது. ஈரம் வெளியேற வழி இல்லாமல் உள்ளே தங்கி, பழைய பூச்சு பாளம் பாளமாக விழும். வளவின் திறந்த முற்றத்தைத் தகரமோ ஃபைபர் தகடோ போட்டு மூடக் கூடாது. காற்று நின்றால் மரத்தில் ஈரம் ஏறும், பின்னாலேயே கரையான் வரும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல் நிறம் போய்விடும், திரும்ப வராது. தண்ணீரால் துடைத்து, அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். ஐப்பசி மழைக்கு முன் ஓடு பார்த்து உடைந்ததை மாற்றுவது, ஓட்டுச் சந்துத் தகரத்தில் சேர்ந்த இலையை வாருவது யார் செலவு என்றும் எழுத வேண்டும். வாடகை குறைவாக இருந்தாலும் இந்த வேலைகளைப் பொறுப்பாகச் செய்யும் குடும்பம் கிடைத்தால் விட்டுவிடுங்கள். பூட்டிய வீடு மூன்று மழையில் இழப்பதை எந்த வாடகையும் ஈடு செய்யாது.

ஒத்திக்கு விடுபவர்களுக்குச் சுருக்கமாக: வாடகை இல்லாமல் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது சட்டப்படி அனுபவ அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் என்றால் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பதிவு செய்த பத்திரம் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கைமாற்றிக்கொள்வது இரு பக்கத்துக்கும் ஆபத்து.

விடுதிக் குத்தகையும் பிரித்து விற்பதும்

கானாடுகாத்தான், காரைக்குடி, கடியாபட்டி, கொத்தமங்கலம் ஊர்களில் பழைய வீடுகள் விடுதிகளாகி நன்றாக நடக்கின்றன. செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வருபவர்கள் வீட்டைப் பார்க்கவே வருகிறார்கள் என்பதால் இந்த வழி நம் மனதுக்கும் உகந்தது. ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும். 30 ஆண்டுக்குள் என்றால் தீர்வை 1 சதவீதம். எல்லாப் பங்குக்காரரும் கையெழுத்திட வேண்டும். கழிப்பறைகள் எங்கே கட்டலாம், எந்தச் சுவரை இடிக்கக் கூடாது, குத்தகை முடிந்தால் புதிதாகச் செய்த வேலைகள் யாருக்கு, சாமி அறையும் படைப்புக்குரிய இரட்டை வீடும் குத்தகையில் சேருமா என்பவை பத்திரத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே வீட்டில் வெளிநாட்டு விருந்தினரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தைத் (முன்பு ‘படிவம் சி’) தாக்கல் செய்யும் கடமை உங்களுடையது.

பிரித்து விற்பது பற்றிப் பேசவே வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் நடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தாலே ஒரு வீடு எத்தனை துண்டாகும் என்று தெரியும். வேறு வழியே இல்லை என்றால் மொத்த விலை பேசாதீர்கள். தூண், உத்திரம், நிலை, கதவு, பெல்ஜியம் கண்ணாடி, பூக்கல், ஓடு, இரும்பு என்று எண்ணிக்கை, அளவோடு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி விலை வாங்குங்கள். நூறு ஆண்டு கடந்த சிலைகளும் கலைப்பொருள்களும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஓலைச் சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டு. பெட்டகத்தை விற்கும் முன் அதற்குள் இருப்பதைப் பாருங்கள். வீட்டு மூலப்பத்திரம் அதில்தான் கிடக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பங்குக்காரர்

விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு வாங்குபவர் வரி பிடித்துத்தான் பணம் தர வேண்டும்; அவருக்குச் சேர வேண்டிய வாடகையிலும் அப்படியே. குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வரிக் கணக்கில் பூர்வீக வீட்டுக்கு அடக்க விலையாக 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை வீடு நிற்கும்போதே வாங்கிவிடுங்கள்.

அதிகாரப் பத்திரம் (பவர்) மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ எழுதப்பட்டால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தாகி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைக்குக் கொண்டுபோக வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடும் என்பதால் கிரயத்தின்போது அவருடைய ஆயுள் சான்று கேட்பார்கள். இத்தனை சுற்றைத் தவிர்க்க ஒரு வழி, எல்லோரும் ஊருக்கு வரும் நாளைப் பயன்படுத்துவது. படைப்புக்கோ பேரன் பேத்தி கல்யாணத்துக்கோ வரும் தேதி தெரிந்தவுடன் பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திர வரைவை அனைவருக்கும் அனுப்பித் திருத்தி, ஆதார், பான், புகைப்படம், வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்து, பதிவுத் துறைத் தளத்தில் கட்டணம் கட்டி டோக்கன் எடுத்துவிடுங்கள். முகூர்த்த நாள்களில் டோக்கனுக்குப் போட்டி இருக்கும். கல்யாணத்துக்கு முந்திய நாளை விட்டுவிட்டு, மறுவாரம் அவர்கள் விமானம் ஏறுவதற்கு இரண்டு வேலை நாள் முன்னதாகத் தேதி பாருங்கள். ஏதாவது ஒரு காகிதம் குறைந்தாலும் மறுநாள் மீண்டும் போக இடம் இருக்கும்.